நின்ற இடத்தில் சூடாகாத கார்

1. காலையில் அப்பா வழக்கம்போல சோக்கை இழுத்து, காரை ஸ்டார்ட் செய்து, வாசலிலேயே நெடுநேரம் ஓடவிட்டார்.
2. பிறகு சௌல்தாரிக்குக் கிளம்பினார்.
3. முதல் ஏற்றத்திலேயே இன்ஜின் இருமி நின்றது.
4. பின்னால் வந்த பஸ் டிரைவர், "அங்கிள், இஸ்கோ மியூசியம் மே தே தோ" என்று, மியூசியத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டே காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்.
5. வேலை முடிந்து வந்த நான், உடை மாற்றாமலேயே, கட்டியிழுத்து வீட்டுக்கு வந்திருந்த காரின் பின்மூடியைத் திறந்தேன்; இதில் இன்ஜின் பின்னால்தான்.

ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் பகல் முழுவதும் கப்பல் இன்ஜின். வீட்டுக்கு வந்தால் இது. பிளக்குகளில் கரி. ஆயில் மூடியின் உட்புறம் வெள்ளைக் களிம்பு. ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

முழங்கால் வலியால் அப்பாவால் பஸ் படி ஏற முடியாது. சௌல்தாரியில் இருக்கும் சின்னப் பாக்குத் தோட்டத்துக்கு இந்தப் பழைய கார்தான் அவரைக் கொண்டுபோகிறது. இன்ஜின் போய்விட்டால் அவருக்கு வீட்டுக் கூடம்தான்.

இந்த இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது. விசிறிக் காற்றில்தான் குளிரும். அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துருத்தி இருக்க வேண்டும், அதுதான் தெர்மோஸ்டாட். குளிர்ந்திருக்கும்போது அது சுருங்கி, காற்று வரும் மடல்களை மூடிவைக்கும். சூடானதும் விரிந்து திறந்துவிடும். எங்கள் காரில் அது இல்லை. "யே கரம் ஜகஹ் ஹை, இஸ்கா க்யா காம்" என்று, இந்தச் சூடான ஊரில் இதற்கென்ன வேலை என எப்போதோ ஒரு மெக்கானிக் கழற்றிவிட்டார். அப்பாவும் சரியென்றார். அதனால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே முழுக் காற்று. பாரமில்லாமல் நின்று ஓடும் இன்ஜினுக்கு அந்தக் காற்றை மீறிச் சூடாகத் தெம்பில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது, ஈரம் ஆவியாகாமல் தங்குகிறது.

"இனிமே ஸ்டார்ட் பண்ணதும் கிளம்பிடுங்கப்பா. மெதுவா ஓட்டினா போதும்."

அப்பா கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இன்ஜினைச் சூடாக்கி ஸ்டாண்ட்பை குடுக்காம எவன்மா கப்பல் கயிறை அவுப்பான்? இன்ஜினியர் மேடம் அதைக்கூடப் படிக்கலையா?"

"கப்பல்ல சுடுதண்ணி சுத்தி வரும்பா. இதுல என்ன வருது?"

"தினமும் வாசல்ல நின்னுக்கிட்டே மெயின்லேண்ட் போயிட்டு வராரு" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

வாதாட எனக்குத் தெம்பில்லை. பிளக்கைத் துடைத்து மாட்டினேன். மறுநாள் காலை அவர் விருப்பப்படியே ஓடவிட்டு, அணைத்து, டிப்ஸ்டிக்கை உருவி அவர் கையில் கொடுத்தேன். நுனியை விரலால் பிடித்துப் பார்த்தார். இன்ஜின் அறையில் எதையும் தொட்டே சூடு பார்த்த விரல்கள்.

"ஆறிப்போன சாயா மாதிரி இருக்கு" என்றார். டிப்ஸ்டிக்கைத் துடைத்து என்னிடம் நீட்டியபடி, "அந்தத் துருத்தி கிடைக்குமா?"

துருத்தி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது. மாட்டினேன். மடல்களின் அச்சில் உப்புத்துரு. அதைத் தளர்த்தவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆயிலையும் மாற்றினேன்.

இப்போது மடல்கள் மூடுகின்றன, சூடானதும் திறக்கின்றன. மூடியில் களிம்பு இல்லை. ஆனால் ஒரு சிலிண்டர் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு மேல் போகாது. அப்பா ஸ்டார்ட் செய்ததும் கிளம்பிவிடுகிறார், முகத்தில் சம்மதமில்லாமல். சௌல்தாரி வரை போய்த் திரும்புகிறார்.