எங்கள் மோரிஸ் மைனரின் மஞ்சள் கை

புதுப் பெயிண்ட் வாசனை... அதோடு கொஞ்சம் பெட்ரோல், வெயிலில் சூடான ரெக்சின் சீட். இந்த மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், நான் மறுபடியும் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவேன்.

இப்போது பிளஸ் டூ படிக்கிறேன். நான்கே வருடத்துக்கு முந்தைய கதையை "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

அந்தக் காலத்தில்... அப்பா நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்புக் கொட்டகையில் கிடந்த மோரிஸ் மைனர் காரை வாங்கி வந்திருந்தார். மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பச்சைப் பெயிண்ட் அடித்து, மதுரையில் நடக்கவிருந்த பழைய கார் கண்காட்சிக்குத் தயார் செய்தார்.

அதற்கு முன்னால், பழைய கார் வைத்திருக்கும் திண்டுக்கல் நண்பர்களின் சோதனை ஒன்று உண்டு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு காலி இடத்தில் காலையில் கூடுவார்கள். வண்டிக்காரர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் வண்டியைச் சுற்றி வந்து எது அசல், எது வேறு வண்டியில் கழற்றியது என்று சொல்வார்கள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அடுத்தவர் பெயிண்ட் மேல் விரல் படக் கூடாது. அதனால் எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பார்கள், எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மாதிரி. நான் நோட்டும் பென்சிலுமாகப் பின்னாலேயே போவேன்.

அன்று விளக்கு, பம்பர், டேஷ்போர்டு எல்லாம் பாஸ். பூட்டுக் கடை வைத்திருக்கும் செல்வராஜ் மாமா மட்டும் இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருக்கும் தூணருகே நின்றுவிட்டார்.

"ஏப்பா, எஞ்சின் சொல்ற வருசத்து வண்டின்னா இங்க கை இருக்கணும்ல? எங்க அது?"

கை என்றால் அந்தக் கால இண்டிகேட்டர். இப்போது விளக்கு மினுக்குகிறதே, அதற்குப் பதிலாக, திரும்பும்போது தூணில் உள்ள பிளவிலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கை வெளியே நீளும்.

"கை இல்லைன்னா பாடி பின்னாடி வருசத்து வண்டியோடது. எஞ்சின் ஒண்ணு, பாடி ஒண்ணு. நத்தத்துல எல்லாரும் ஒட்டு மாங்கன்னு வாங்குவாக... நம்ம மாப்ள ஒட்டுக் காரே வாங்கியாந்துட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சட்டப்படி அப்பா பேசவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது.

ஒட்டு என்று முடிவானால் நண்பர்களின் வரிசையில் எங்கள் வண்டி மதுரைக்குப் போகாது. மூன்று வருட ஞாயிறுகள்...

எனக்கு ஒன்று உறுத்தியது. அதற்கு முந்தின வாரம் வண்டிக்குள் பெருக்கும்போது, இரண்டு வயர்கள் அந்தத் தூணுக்குள் ஏறிப் போவதைப் பார்த்திருந்தேன். எதற்கு என்று தெரியாமல் படம் வரைந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தேன்.

"மாமா, நான் தொட்டுப் பாக்கலாமா?"

"வண்டிக்காரரு பேசக் கூடாது, அடுத்தவரு தொடக் கூடாதுன்னுதான சட்டம்? அவரு மகளுக்கு ஒண்ணும் எழுதி வைக்கலையே. தொடு பாப்பா."

என் பென்சில் பாக்ஸ் மூடியில் ஒரு சின்னக் காந்தம் உண்டு. பெயிண்டில் கீறல் விழாமல் கர்ச்சீப்பை மேலே சுற்றி, தூணின் கீழிருந்து மெதுவாக மேலே நகர்த்தினேன். ஒட்டியது... ஒட்டியது... ஓரிடத்தில் வழுக்கியது. சாண் நீளம் போனதும் மறுபடி ஒட்டியது.

அந்தப் பக்கத் தூணுக்கு ஓடினேன். அதே உயரம், அதே நீளம்.

"இங்க தகரமே இல்ல மாமா! யாரோ பட்டி வச்சு அடைச்சிருக்காங்க!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"சுரண்டுனாத்தான் தெரியும்," என்றார் மாமா. "ஆனா புதுப் பெயிண்ட் போயிருமே. கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருக்கு. பாப்பா சொன்னது தப்பாப் போச்சுன்னா?"

அப்பா என்னைப் பார்த்தார். பேச முடியாதே... புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் தலையாட்டினேன்.

அப்பா ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

பச்சை உதிர்ந்தது. பிறகு வெள்ளைப் பட்டி பொடிப்பொடியாக விழுந்தது. வலது பக்கம் நீளமாக ஒரு பிளவு, உள்ளே வெறும் வயர். இடது பக்கம்... பட்டிக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ தெரிந்தது!

மாமா ஓடிப்போய் எண்ணெய் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டார். பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கொடுத்தார்.

டக்!

வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்குவது போல அந்த மஞ்சள் கை எழுந்து நின்றது. பல்பு எரியவில்லை, கண்ணாடியில் விரிசல். அதனாலென்ன?

"அசலுய்யா மாப்ள! அம்புட்டும் அசலு!" மாமா எகிறிக் குதித்தார்.

"இப்பப் பேசலாமா?" என்று கேட்டார் அப்பா.

"பேசுய்யா, பேசு!"

"ஒட்டுன்னு சொன்ன ஆளு இன்னைக்கி எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தரணும்."

அடுத்த ஞாயிறு, இரண்டு தூணிலும் சுரண்டிய தழும்போடு எங்கள் வண்டி மதுரைக்குப் போனது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முதலில் தழும்பைத்தான் காட்டினேன்.

இப்போது ஒரு பாகத்தைப் படம் எடுத்து குரூப்பில் போட்டால் டீ ஆறுவதற்குள் பெயர் வந்துவிடுகிறது. போனே கண்டுபிடித்துச் சொல்கிறது. வசதிதான், நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கச் சண்டை போட்டவர்களை நினைத்தால் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன.

வலது கையும் பிறகு தேடிப் பிடித்து மாட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு அருகே திரும்பும்போது அது நீண்டால், பின்னால் வரும் டவுன் பஸ் டிரைவர், "சார், கதவுல என்னமோ தொங்குது, உள்ள எடுங்க!" என்று கத்துகிறார்.

தூணைச் சுற்றி மட்டும் அப்பா இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. காலேஜ் திறந்தால் நான் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன். என் பழைய பென்சில் பாக்ஸை டேஷ்போர்டு அறையில் வைத்துவிட்டேன்.

"எப்பப்பா அந்த எடத்துல பெயிண்ட் அடிப்பீங்க? நான் போறதுக்குள்ள அடிச்சிருவீங்களா?" என்று போன வாரம் வண்டியில் போகும்போது கேட்டேன்.

அன்றைக்கு நின்ற மாதிரியே வாயை இறுக்கி மூடிக்கொண்டார் அப்பா. மஞ்சள் கையின் சுவிட்சை மட்டும் திருப்பினார்.

டக்.