பொம்மையோடு வாயசைத்தாள்

என் மகள் மூன்று வயதிலேயே பொம்மைக்குப் பாவாடை கட்டுவாள். துணியை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி, மேலே ஒரு முடிச்சும் போடுவாள். பாட்டில் மூடியில் சோறு வைத்து ஊட்டுவாள். வாயைத் துடைத்துவிட்டு, தோளில் சாய்த்து, ஏப்பம் வர முதுகில் தட்டுவாள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அந்த மெச்சலை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்த்தேன். வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் கிடையாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். பவர்லூம் ஓடும்போது காதுக்குப் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்போம், மிச்சத்தைக் கை சொல்லும். இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். புதிதாகச் சேர்கிறவளுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

என் மகள் அதைப் பொம்மையை வைத்தே பழகிவிட்டாள். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை அது. கழிவுத் துணிக் குவியலில் உட்கார்ந்து, பொம்மையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை அசைத்து அசைத்து ஏதோ சொல்வாள். இரண்டு விரலால் வெட்டிக் காட்டுவாள். திடீரென்று இல்லாத மீசையை முறுக்கிவிட்டுப் பொம்மையைத் துணிக்குள் ஒளித்துவைப்பாள். கூடமே விழுந்து விழுந்து சிரிக்கும்.

"ஏட்டி, நீ பெத்தது பிள்ளையா, சூப்பர்வைசரா? எம்புட்டு வெவரம் பாரு!" என்பாள் பக்கத்துத் தறி அக்கா, டீ குடிக்க வெளியே வரும்போது.

எனக்கும் பெருமைதான். ஏன் இருக்காது?

பேச்சுதான் வரவில்லை. "ஆ", "ம்ம்" என்று சத்தம் வரும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். கேட்டதற்கு, "எங்கப்பாவே அஞ்சு வயசுலதான் பேசுனாராம். எங்க வம்சமே அப்படித்தான். செத்த பொறுக்கமாட்டியாக்கும்?" என்றார். பெரிய வம்சம். வேலை விட்டு வந்தால் பஞ்சுத் தூசியில் எனக்கும் தொண்டை எழும்பாது. வீட்டிலும் கையால்தான் சோறு தின்ன வா என்பேன், படு என்பேன். அவளும் வருவாள், படுப்பாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. கூடம் அமைதியானதும் எங்களுக்குக் குரல் வந்துவிட்டது. ஆளாளுக்குச் சத்தமாகப் பேச ஆரம்பித்தோம். மூலையில் அவள் மட்டும் மாறவில்லை. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அதே மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. அப்போது அக்காவின் கை பட்டுத் தண்ணீர்க் குடம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எவர்சில்வர் குடம். எல்லாரும் துள்ளிவிட்டோம். அவள் பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"வெளையாட்டுல இருக்கா, விடுட்டி" என்றாள் அக்கா.

நான் போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். குடத்தை எடுத்துத் தரையில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். அக்கா வந்து என் கையிலிருந்து பிடுங்கினாள். கரண்ட் வந்தது. எல்லாரும் தறிக்குப் போனார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டரிடம் போனோம். அந்தம்மா மேஜைமேல் ஒரு பொம்மையை வைத்து, கண் எங்கே, மூக்கு எங்கே என்று கேட்டார். அவள் டக்டக்கென்று தொட்டுக் காட்டினாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "பாத்தியா? தேவையில்லாம இழுத்துட்டு வந்துட்டியே" என்றார். டாக்டர் ஒரு அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு அதையே கேட்டார். அவள் அட்டையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்பக் கெட்டிக்காரக் குழந்தைம்மா. உதட்டப் பாத்தே சமாளிச்சிருக்கா. அதான் யாருக்கும் தெரியல. பிறவியிலயே இருந்திருக்கும். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமே?"

எத்தனை தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள். காதுக்குப் பக்கத்தில் ஒருத்தர் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டியிருக்கக் கூடாதா? அதை நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் மெஷினுக்குச் சீட்டு எழுதினார். சொந்தக்காரர்கள் இப்போது, பெத்தவளுக்கே தெரியாமல் போச்சா என்கிறார்கள். அவர்கள் அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

இப்போது இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருக்கிறது. இதில் பலன் தெரியாவிட்டால் மதுரையில் ஆபரேஷன். வயது ஏற ஏறப் பேச்சு வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். கூடத்து வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பேண்டேஜ் சுருட்டிக் கொடுக்கிறேன். தினமும் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன்.

அங்கேயும் பொம்மைதான். சத்தம் கேட்டால் பொம்மையின் கையில் ஒரு வளையல் போட வேண்டும். முதல் வாரம் வளையலாகப் போட்டுக் குவித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பயிற்சி கொடுக்கிற பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அக்கா, அவ சத்தத்தக் கேக்கல. சத்தம் வரும்போது உங்க மூஞ்சி மாறுது. அதப் பாத்துப் போடுறா. நீங்க பின்னால உக்காருங்க."

பின்னால் உட்கார்ந்தேன். அவள் திரும்பித் திரும்பி என் முகத்தைத் தேடினாள். அந்தப் பெண் சொன்னபடி நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் திரும்பவில்லை. "ஆ... ஆ..." என்று அழுதாள்.

அன்றைக்குப் பொம்மையின் கையில் ஒரு வளையல்கூட ஏறவில்லை. நேற்றும் ஏறவில்லை.