அரைக்கக் கூடாத மருந்து

சின்னக் காஞ்சிபுரத்தில் என் புக்ககத்துக்குக் கேப்ஸ்யூல் ஆகாது. அதன் கூடு மாட்டெலும்பைக் காய்ச்சிச் செய்வது என்று யாரோ மாமியார் காதில் போட்டுவிட்டார்கள். சொன்னது முழுப் பொய்யும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், என் ஆஸ்துமாவுக்கு டாக்டர் கொடுத்த கேப்ஸ்யூலைக் காலையில் மாமியாரே பிரிப்பார். கூட்டைக் கொல்லையில் எறிவார். உள்ளே இருக்கும் கடுகை விடச் சின்ன வெள்ளை உருண்டைகளைக் கல்வத்தில் போட்டு நைய அரைத்து, தேனில் குழைத்துக் கொடுப்பார். அக்கறையில் குறை சொல்ல முடியாது.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும், குமட்டும், கை நடுங்கும். நான் கணக்கு டீச்சர். போர்டில் வட்டம் போட்டால் கத்திரிக்காய் மாதிரி வரும். மத்தியானம் ஆனால் மருந்தே சாப்பிடாதவள் போல இழுப்பு வந்துவிடும்.

"இந்த உடம்பை வச்சுண்டு வேலைக்குப் போகணுமா? இந்த வருஷத்தோட நிறுத்திக்கோ" என்றார் மாமியார். கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே டாக்டரிடம் போனேன். அரைத்த கதையைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு உருண்டை மேலயும் மெல்லிசா ஒரு பூச்சு இருக்குதும்மா. அதுதான் நாள் பூரா கொஞ்சங்கொஞ்சமா மருந்தை வெளிய விடுது. அரைச்சா மொத்தமும் ஒரேயடியா இறங்கிடும். அதான் படபடப்பு. அப்புறம் மத்தியானத்துக்கு மருந்து ஏது?"

மறுநாள் காலை மாமியாரிடம் இதை அப்படியே சொன்னேன். "அரைக்காத மருந்து உடம்புல ஒட்டுமா? அவருக்கு என்ன தெரியும்?" என்று கல்வத்தை எடுத்தார். அவர் கையிலிருந்த கேப்ஸ்யூலை வாங்கி, கூட்டோடு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"பெருமாளே! இனிமே நீ தளிகைப் பக்கம் வராதே" என்றார்.

சந்தோஷமாகச் சமையலிலிருந்து ஒதுங்கினேன். மிளகாய் தாளிக்கும் கமறலும் ஒழிந்தது. கடைசி பீரியட் வரை இழுப்பில்லாமல் தொண்டை கிழியப் பாடம் நடத்தினேன்.

அடுப்படியில் தனியாக அல்லாடிய மாமியார் சில நாளில் இறங்கி வந்தார். "போறும், உள்ளே வா. அதை மட்டும் பிரிச்சுச் சாப்பிடு."

"முழுசாத்தான் முழுங்குவேன்மா. வேலைக்கும் போவேன். ரெண்டுக்கும் சரின்னா வரேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பினார். நான் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.