வேண்டாத மண்

அரிதான ஆங்கிலச் சொற்களைப் பேத்தி செல்போனில் வாசித்துக்கொண்டிருந்தாள். "ஓவர்பர்டன். தெரியுமா தாத்தா?"

என் சிறு வயதில், நெய்வேலியில் நாங்கள் நிலக்கடலை போட்ட கொல்லையை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்த பிறகு, அப்பா அந்தச் சுரங்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் சட்டையெல்லாம் செம்மண்ணோடு வந்தார்.

"இன்னிக்கி நம்ம கொல்லையிலதான் ஓவர்பர்டன் எடுத்தோம்."

"அப்டின்னா என்னப்பா?" என்றேன்.

"நிலக்கரிக்கு மேல கெடக்கற வேண்டாத மண்ணு."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "மல்லாட்ட வெளஞ்ச மண்ணுங்க அது. எப்ப வேண்டாததாச்சு?"

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அதை அலசிய செந்நிறத் தண்ணீரை அம்மா சாக்கடையில் விடவில்லை. குவார்ட்டர்ஸ் முருங்கைக்கு ஊற்றினாள். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று எனக்கு விளங்கவில்லை.

பேத்தி அர்த்தத்தை வாசித்தாள். அப்பா சொன்னதேதான்.

"சரியா தாத்தா?"

இத்தனை வருடமாகியும் எனக்கு அதுதான் தெரியவில்லை.