மூன்றரைச் சுற்று

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், வெயிலில் மண்டை காய்ந்தவன் கண்ட காட்சி என்று சிரித்துவிட்டுப் போனார்கள். போகட்டும். நடந்தது நடுராத்திரியில் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, பட்டப்பகல் ஒரு மணிக்கு, கோயமுத்தூர் உக்கடத்தில் நடந்தது. பாலுசாமி குடிக்கிற ஆள் இல்லை. பேய் பிசாசு என்றால் முதலில் சிரிக்கிற ஆளும் அவன்தான்.

அமீர் ஹம்சா பாயின் யார்டில் பழைய லாரிகளைப் பிரித்து விற்பார்கள். பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் மட்டுமே எழுபது எண்பது குவிந்து கிடக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயர்த் தகடு எப்போதோ உதிர்ந்திருக்கும். எது சமவெளியில் வேகமாக ஓடின வண்டியுடையது, எது பாரத்தோடு மலை ஏறின வண்டியுடையது என்று பிரித்துச் சொல்ல அந்த வட்டாரத்தில் இரண்டே பேர். ஒருவன் வேலன், இன்னொருவன் பாலுசாமி.

ஆக்சிலைக் கட்டைமேல் ஏற்றி வைப்பார்கள். இடது கோடியில் சக்கரம் மாட்டும் டிரம்மை வேலன் அசையாமல் பிடித்துக்கொள்வான். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தின் முனையைப் பாலுசாமி கையால் சுற்றிக்கொண்டே எண்ணுவான். வலது டிரம் இரண்டு முறை முழுசாகச் சுற்றி வருவதற்குள் பினியன் எத்தனை சுற்று வந்ததோ, அதுதான் அந்த ஆக்சிலின் ரேஷியோ. ஆறுக்குக் கீழே வந்தால் சமவெளி வண்டி. ஏழுக்குப் பக்கத்தில் வந்தால் மலை வண்டி.

சுற்றுவது பாலுசாமி. எண்ணுவதும் பாலுசாமி. பெயர் மட்டும் வேலனுக்கு! வேலன் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள் லாரிக்காரர்கள். பாலுசாமியை 'வேலன்கூட வர்றவரு' என்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து வருஷம். சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் புகழ், முதுகு ஒடியச் சுற்றுகிறவனுக்குப் பெயர்கூட இல்லையா என்று பாலுசாமிக்கு வயிறு பற்றி எரிந்தது. வேலன் நல்லவனாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல். டீ வந்தால் முதல் கிளாஸை இவனிடம்தான் நீட்டுவான் பாவி மனுஷன்.

அந்த வாரம் கருமத்தம்பட்டி மில்காரர் வெங்கடபதியின் லாரி பின் ஆக்சில் உடைந்து நின்றது. திம்பம் மலைப்பாதையில் பஞ்சு ஏற்றி வருகிற வண்டி. பாயின் யார்டில் இரண்டு ஆக்சில் அதற்குப் பொருந்தின. எது மலைக்கு என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சு முட்டிப் பின்னால் உருளும், ஓட்டுகிறவன் உயிர் தங்காது. சரியாகச் சொன்னவனுக்கு அந்த மில்லின் அத்தனை லாரியும் கைக்கு வரும். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வருவதாக வெங்கடபதி ஆள் அனுப்பினார். சேதி பாலுசாமி காதில் மட்டும் விழுந்தது.

அவன் வேலனிடம் மூச்சு விடவில்லை. வேலனோ அந்த வெள்ளிக்கிழமை பெண்டாட்டி அம்புஜத்தோடு கொடுமுடிக்குப் போய் ஆற்றில் முழுகி வருவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டு வாங்கண்ணா. வெள்ளிக்கிழமை இங்க ஒரு வேலையும் இல்லீங்க" என்றான் பாலுசாமி.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்குப் பாயும் ஆட்களும் ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். தெருவில் ஒரு கடை விடாமல் ஷட்டர் இறங்கியது. பாலுசாமி கேட்டை உள்பக்கம் பூட்டிச் சாவியை மடியில் செருகினான். தனியாகப் பார்ப்பதற்கும் வழி இருந்தது. இரண்டு டிரம்மையும் சும்மா விட்டு, டிரம்மின் ஒரே சுற்றுக்கு எண்ணினாலும் அதே ரேஷியோ வரும். வலது டிரம்மில் சாக்பீஸால் கோடு போட்டான்.

மணி ஒன்று அடித்து இரண்டு நிமிஷம்.

சுற்றினான். ஒன்று... இரண்டு... மூன்று... மூன்றரை. கோடு திரும்ப மேலே வந்து நின்றது.

மூன்றரையா? அந்த வகை லாரியில் மூன்றரை ரேஷியோ கிடையவே கிடையாது. மறுபடி சுற்றினான். அதே மூன்றரை. கணக்கு பாதியாக வர ஒரே வழிதான் உண்டு என்று பாலுசாமிக்குத் தெரியும். மறுகோடி டிரம்மை யாராவது பிடித்திருக்க வேண்டும்; அப்போதுதான் இந்த டிரம் இரட்டை வேகத்தில் சுற்றும்.

முதலில் அவனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கொடுமுடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இவன் திருட்டுத்தனமாக வந்து என் பிழைப்பைக் கெடுக்கிறானா?

"வேலண்ணா?"

குவியலுக்குப் பின்னால் தேடினான். கேட் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மணி ஒன்று பத்து. இடது டிரம்மை ஒற்றை விரலால் தள்ளினான். 'விர்ர்...' என்று லகுவாகச் சுற்றியது. பிரேக் பிடிக்கவில்லை, எதுவும் சிக்கவில்லை. ஆனால் அந்த வெயிலில் கை வைத்தால் பொசுக்க வேண்டிய இரும்பு... சில்லென்று இருந்தது.

திரும்பி வந்து பினியனைச் சுற்றினான்.

இடது டிரம் நின்றுவிட்டது.

குனிந்து அடிவழியாகப் பார்த்தான். மறுபக்கம் வெயில் விழுந்த மண் தெரிந்தது. கால்கள் இல்லை.

அப்போதுதான் பயம் வந்தது. பினியனைப் பிடித்திருந்த உள்ளங்கையில் அந்தப் பிடி தெரிந்தது. முதலில் இம்மி அளவு விட்டுக்கொடுத்து, அப்புறம் இறுக்கும் பிடி. பத்து வருஷமாக அவன் கைக்குப் பழகின பிடி.

"விட்ருங்கண்ணா... இது நான் தனியாப் பாக்கோணுங்க."

பிடி தளர்ந்தது. இரண்டு டிரம்மும் சேர்ந்து சுற்றின.

ஒரு சுற்று...

அரைச் சுற்று...

'க்ரக்.'

மறுபடியும் பிடித்துக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் கேட் ஏறிக் குதித்து ஓடியிருப்பார்கள். பாலுசாமியும் ஓடத்தான் பார்த்தான். ஆனால் ஓடினால் நாளைக்கும் அவன் 'வேலன்கூட வர்றவரு'தான். அந்த நினைப்பு பயத்தையும் மிஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு, பழையபடி இரண்டு சுற்றுக்கு எண்ணினான். ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. மலை.

இரண்டாவது ஆக்சிலுக்குப் போனான்.

அந்தப் பிடியும் கூடவே வந்தது.

இடது டிரம் அசையவில்லை. எண்ணினான். ஆறுக்குக் கீழே. சமவெளி.

ஒன்று இருபத்து நாலு. சாக்பீஸால் எழுதி முடித்தான்.

இடது டிரம் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது...

நின்றது.

இரண்டு மணிக்கு வெங்கடபதியும் பாயும் ஒன்றாக வந்தார்கள். பாலுசாமி கைகாட்டிய முதல் ஆக்சிலைப் பாயின் ஆட்கள் பிரித்தார்கள். கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தில் நாற்பத்தொரு பல், பினியனில் ஆறு; வகுத்தால் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. அச்சு அசலாக மலை வண்டி. இன்னொன்றையும் பிரித்துப் பார்த்தார்கள். பாலுசாமி சொன்னது இம்மி பிசகவில்லை.

"வேலன் இல்லாம, தனியாவாங்க பாத்தீங்க?" என்று கேட்டார் வெங்கடபதி.

பாலுசாமியின் பார்வை ஒரு நொடி இடது டிரம் பக்கம் போய் வந்தது.

"ஆமாங்க. நான் ஒருத்தன்தானுங்க."

இனிமேல் மில் வண்டி எல்லாவற்றுக்கும் பாலுசாமியைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். பத்து வருஷம் காத்திருந்து கேட்ட சொல். பாலுசாமிக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பயம்கூட மறந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குப் பாயின் கடைக்குக் கொடுமுடியிலிருந்து போன் வந்தது. படித்துறையில் கால் வழுக்கி வேலன் ஆற்றோடு போய்விட்டான். அவன் முழுகின நேரம் பன்னிரண்டு ஐம்பது. பரிசல்காரர்கள் தேடி உடம்பைக் கரையேற்றியபோது ஒன்றரை.

பாலுசாமி அந்த நேரங்களை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனான். அம்புஜம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் கலைந்த பிறகு அவனை மட்டும் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. அன்னைக்கு வெடியால நான்தானுங்க அவருக்கு அரப்புப் போட்டுத் தேச்சுவிட்டேன். கையி சுத்தமா இருந்துச்சுங்க. ஆத்துல இருந்து தூக்கறப்போ ரெண்டு உள்ளங்கையும் கன்னங்கரேல்னு இருந்துதுங்க. எத்தனை தேச்சும் போகலீங்க, அப்படியேதான் எரிச்சோம்."

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"பரிசல்காரரு மோந்து பாத்துட்டு, இது லாரி கிரீஸுன்னு சொல்லிப்போட்டாருங்க. ஆத்துக்குள்ள கெடந்த மனுசன் கையில கிரீஸு எப்படிங்க வந்துது?"