கேட்காததையும் சொன்ன கடிதம்

மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்து நானும் கணவரும் ஒரு மரண அறிவித்தல் இணையத்தளம் நடத்துகிறோம். இறந்தவர் பிறந்த ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினாலே அந்த ஊர்க்காரரின் அறிவித்தல்கள் வந்து நிற்கும். அந்தத் தேடல் பெட்டி கணவரின் கைவேலை. வயதானவர்கள்கூட யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

போன வருடம் அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரின் கடிதம் வந்தது. தட்டத் தட்டச் சொற்களை எடுத்துக் காட்டும் முறைக்குத் தங்கள் கம்பெனியிடம் காப்புரிமை இருக்கிறதாம். உரிமக் கட்டணம் கட்டாவிட்டால் வழக்காம். அந்தக் கம்பெனி எதையும் செய்து விற்பதில்லை, ஒரு தேடல் பக்கமும் நடத்துவதில்லை. பழைய காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு கண்டவருக்கெல்லாம் கடிதம் போடுவதே பிழைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் வீட்டுக்குள் காத்திருந்தது. அகதி விண்ணப்பம் நிரப்பிய காலத்தில் இருந்து கணவருக்கு ஒரு பழக்கம். சட்டத்தரணி கடிதம் என்றால் கேட்டதற்கு மேலேயும் சொல்லிவிடுவார். எதையாவது சொல்லாமல் விட்டால் விண்ணப்பக் கோப்பை மூடிவிடுவார்களோ என்ற பயம். நான் வேலை முடிந்து வருவதற்குள் பதில் போய்விட்டது. நான்கு பக்கம். ஓர் அறிவித்தலைத் திறந்தால் அதே ஊரின் மற்றவற்றையும் பக்கத்தில் காட்டும் முறையைப் படம் போட்டே விளக்கியிருந்தார்.

"ஏனப்பா உதெல்லாம் எழுதினீங்கள்? அவை கேட்டது ஒண்டைத்தானே!"

"ஓம், பிறகு மறைச்சுப்போட்டன் எண்டு சொல்லக்கூடாதெல்லே."

மூன்று கிழமையில் அடுத்த கடிதம். இப்போது இரண்டு காப்புரிமை. இரண்டாவது, இவர் படம் போட்டுக் காட்டிய முறைக்கு.

ஸ்காபரோவில் எங்கள் லோயர் அந்த நான்கு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, உதை என்னட்டக் காட்டிப்போட்டெல்லோ அனுப்பியிருக்கவேணும். வழக்காடினா வெல்லவும் கூடும். ஆனா வழக்கு முடியுமட்டும் அந்தச் செலவை உங்களால தாக்குப்பிடிக்க ஏலாது. தேடலையும் பக்கத்தில காட்டுறதையும் எடுத்துவிடுங்கோ."

கணவர் வீட்டுக்கு வந்து இரண்டையும் தானே எடுத்தார். இப்போது எல்லா ஊர்ச் சாவும் திகதி வரிசையில் ஒரே நீளப் பட்டியல்.

போன மாதம் பிக்கரிங்கில் இருந்து ஓர் அன்ரி போன் எடுத்தார். அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்த சிநேகிதியின் அறிவித்தல் எங்கள் பக்கத்தில் நான்கு நாள் இருந்திருக்கிறது. அன்ரி கீழே கீழே உருட்டிப் பார்த்துக் களைத்து மூடிவிட்டார். தகனம் முடிந்த பிறகுதான் செய்தி தெரிந்ததாம்.

"முந்தி ஊரைத் தட்டினா வரும், பிள்ளை. ஆரைக் கேட்டு அதை எடுத்தனீங்கள்?"

கம்பெனி, காப்புரிமை, லோயர் என்று சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. நான் முடித்த பிறகு அன்ரி மெதுவாகச் சொன்னார்:

"பத்து நிமிசத் தூரத்திலதான் அவளின்ர உடலைப் பார்வைக்கு வைச்சவை. நான் வீட்டிலதான் இருந்தனான்."