போட்டுல ஏறுனது எங்க அண்ணி

எங்க அண்ணி முத்தாலம்மாளாண்ட ஒரு தபா பேரம் பேசுனவங்க மறுதபா பேசுனதில்ல. கோவளத்துல ஏலம் எடுத்து, கூடையோட பஸ் ஏறி, பெருங்களத்தூர் அபார்ட்மெண்ட் வாசல்ல குந்திக்கும். "நாறுதே"ன்னு எவனாச்சும் சொன்னா, "மீனு மல்லிப்பூவா மணக்கும்? போய்யா"ன்னு கேக்கும். நான் அஞ்சலி, அதோட நாத்தனாரு. பக்கத்துல குந்தி நானும் மீன்தான் விக்கிறேன். எனக்கும் வாய் கம்மி இல்ல.

மூணு வருஷத்துக்கு முன்ன எங்க ஊர்ல ஒரு படம் எடுத்தாங்க. மழைக்காலம், ஒரே பேஜார். கதாநாயகிக்கு மீன்காரி வேஷம். செவப்பா இருந்த பொண்ணுக்கு தெனம் கறுப்புச் சாயம் பூசுவாங்க, தூறல்ல ஒழுகும், திரும்பப் பூசுவாங்க. சுத்தி நின்னுகினு இருந்த எங்கள்ல ஒருத்தியக் கூப்புட்டிருந்தா சாயமாவது மிச்சமாயிருக்கும். அவங்களுக்குத் தோணவே இல்ல.

கதைப்படி அந்தப் பொண்ணு மீன்புடி போட்டுல அலையத் தாண்டிப் போவணும். டூப்பு போட விக்கின்னு ஒரு ஆம்பள, சவுரி வெச்சி, பொடவ கட்டிகினு வந்தான். போட்டு எங்க அண்ணன் துலுக்காணத்தோடது. மொத அலையிலயே விக்கி வாந்தி எடுத்து சுருண்டுட்டான். டைரக்டரு தலையில கை வெச்சிகினு மணல்ல குந்திட்டாரு.

எங்க ஊர்ல பொம்பள போட்டுல கால் வெக்கக் கூடாது. வெச்சா மீன் படாதுன்னுவாங்க. அண்ணி அந்தப் பொடவைய வாங்கிக் கட்டிகினு, "நான் போறேன்"னு சொல்லிச்சு. "வேணாம் முத்தாலு, ஊரு சும்மா உடாது"ன்னாரு அண்ணன். "உன்னக் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து ஒரு தபா கடலு உள்ள போய்ப் பாக்கணும்னு ஆச. நவுருய்யா"ன்னு ஏறிடுச்சு. திரும்பி வந்தப்ப அது மூஞ்சில இருந்த சந்தோசத்த நான் இன்னும் மறக்கல.

நல்லவேளையா அன்னிக்குக் கொட்டுன மழையில எங்கள விட்டா ஊர்க்காரங்க யாரும் கரையில இல்ல. தெரிஞ்சா, என்னிக்கு மீன் கொறஞ்சாலும் அண்ணி தலையிலதான் விடியும். அண்ணன் கூட கடலுக்குப் போவ ஆளும் வராது. அதால மூணு பேரும் வாயத் தெறக்கல.

இந்த வருஷம் செம்பாக்கத்துலேர்ந்து அபிகாயில்னு ஒரு பொண்ணு வந்துச்சு. அந்தப் படம் எடுக்க எம்மாங் கஷ்டப்பட்டாங்கன்னு டாக்குமெண்டரி பண்ணுதாம். "முடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க பாருங்க, தப்பிருந்தா சொல்லுங்க"ன்னு கல்யாண மண்டபத்துல திரை கட்டிப் போட்டுச்சு. நல்ல பொண்ணுதான். ஆனா அதுல டைரக்டரு பேசுறாரு, மேக்கப்மேன் சாயம் ஒழுகுன கதையப் பேசுறாரு. நாங்க கை ஆட்டுறோம், கீழ 'கிராம மக்கள்'னு எழுத்து. ஏன், எங்களுக்குப் பேரே இல்லியா? அப்பறம் விக்கி வந்து, "அந்த அலையில உசுரக் குடுத்து நான்தான் போனேன்"றான். அடப்பாவி!

அண்ணி எழுந்துடுச்சு. நான் முந்தானையப் புடிச்சி இஸ்தேன், நிக்கல. "வாந்தி எடுத்துட்டுப் படுத்தவன் பேசுறான் பாரு! போட்டுல போனது நானு!"

"அய்யய்யோ, போட்டுல ஏறுனியா?"ன்னு கத்துச்சு பக்கத்து வூட்டு ரத்தினபாய். அண்ணன் எழுந்தாரு. "மூணு வருஷமா உங்க வலையில மீன் பட்டாப்பலதான் எனக்கும் பட்டுது. போட்டு என்னுது, ஏறச் சொன்னதும் நான்தான். கேக்குறதுன்னா என்னாண்ட கேளுங்க"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்க அண்ணனா இது!

அண்ணி அதையும் உடல. "யோவ், பொய் சொல்லாத. நீ வேணாம்னுதான் சொன்ன. ஆசப்பட்டு நானாதான் ஏறுனேன். அபிகாயில் பாப்பா, இத அப்டியே படத்துல போட்டுக்கோ."

சிரிச்சவங்க கொஞ்சம் பேரு, மொறச்சிகினு போனவங்க கொஞ்சம் பேரு. மறுநாள் அபிகாயில் கேமராவோட வந்து, "எங்க உக்காந்து பேசுறீங்க அக்கா?"ன்னு கேட்டுச்சு. அண்ணி கரையில கெடந்த போட்டக் காட்டிச்சு. அண்ணன் ஓரத்தப் புடிச்சிக்க, எல்லாரும் பாக்க ஏறிக் குந்தி, தன் பேரச் சத்தமா சொல்லிச்சு.

ரத்தினபாய் கூடைய எறக்கி வெச்சிட்டு போட்டாண்ட வந்து நின்னுச்சு. திட்டத்தான் வந்துகீதுன்னு நெனச்சேன்.

"கடலு உள்ள எப்டி கீது முத்தாலு?"ன்னு மெதுவா கேட்டுச்சு.

"நவுந்து குந்துறேன், ஏறு"ன்னுச்சு அண்ணி.